ஊர்க் கணக்கில் ஒரு வேட்டை: நமீபியாவின் கன்சர்வன்சி குத்தகை தேறுமா?

நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகும் ஒரு வெளிநாட்டுக்காரர் பத்து நாளில் பல ஆயிரம் டாலர் செலவழிக்கிறார். அதில் எவ்வளவு அந்தக் காட்டோடு வாழும் ஊருக்குப் போகிறது? வேட்டை நிறுவனங்களின் விளம்பரத்தைப் படித்தால் எல்லாம் ஊருக்குத்தான் என்று தோன்றும். எதிர்ப்பாளர்களைக் கேட்டால் ஒன்றுமே போவதில்லை என்பார்கள். இரண்டும் பொய். சேவை ஒன்றுதான், ஆனால் எந்த ஒப்பந்தத்தின் கீழ் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஊர்ப்பங்கு தலைகீழாக மாறும். வேட்டை சரியா தவறா என்ற வழக்கு இங்கே எடுக்கப்படவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் அந்தக் கேள்விக்கு நடைமுறையில் இடமும் இல்லை. இங்கே பார்ப்பது வரவு செலவு மட்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'நமீபியா வேட்டை' என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளில் நடப்பது. அங்கே விலங்கின் வருமானம் பண்ணைக்காரருக்கு. சுற்றியுள்ளவர்களுக்குக் கிடைப்பது கூலி மட்டும். ஊருக்குப் பங்கு உள்ள வேட்டை நடப்பது கன்சர்வன்சி என்ற ஊர்க் காப்பகங்களில். பொது நிலத்தில் வாழும் மக்கள் எல்லை வரைந்து, உறுப்பினர் பட்டியல் எழுதி, குழு அமைத்து, விதிமுறைகளும் பலன் பகிர்வுத் திட்டமும் தயாரித்து அரசிதழில் பதிவு செய்துகொள்ளும் அமைப்பு அது. 1975 ஆணைச் சட்டம் விலங்கின் மீதான உரிமையை வெள்ளைப் பண்ணையாளர்களுக்கு மட்டும் தந்திருந்தது. 1996இல் அது திருத்தப்பட்டு, பொது நில மக்களுக்கும் அதே உரிமை வந்தது. 1998இல் நியாய் நியாய், சலம்பாலா, டோரா உள்ளிட்ட நான்கு கன்சர்வன்சிகள் பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு; உள்ளே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

ஏரி மீன் குத்தகை மாதிரிதான் இதுவும். விலங்கைப் பிடிக்கும் உரிமையைக் கன்சர்வன்சி சில ஆண்டுகளுக்கு ஒரு தொழில்முறை வேட்டைக்காரருக்குக் குத்தகைக்கு விடுகிறது. வாடிக்கையாளரைக் கூட்டிவருவதும் முகாம் நடத்துவதும் உரிமம் வாங்குவதும் அவர் பாடு. இந்த ஏற்பாட்டில் நமீபியாவுக்குத் தாராளமாக முழு மதிப்பெண் தரக்கூடிய இடம் ஒன்று உண்டு: குத்தகைப் பணம் நேராகக் கன்சர்வன்சியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நடுவில் அரசுக் கருவூலம் கைவைப்பதில்லை.

ஜிம்பாப்வேயில் 1989இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் என்ற ஊர்ப்பங்குத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். அங்கே சட்டப்படி உரிமை ஊராட்சி மாவட்ட மன்றத்துக்குத்தான். பணம் பெரும்பாலும் முதலில் மன்றத்துக்குப் போய், அது பிரித்துக் கொடுத்தால்தான் கீழே உள்ள வார்டுக்கு வரும். தாமதத்துக்கும் கசிவுக்கும் வழி அங்கேயே திறந்துவிடுகிறது. பாகிஸ்தானின் மார்க்கோர் என்ற காட்டாட்டு வேட்டையில் உரிமக் கட்டணத்தில் 80 சதவீதம் ஊருக்கு, 20 சதவீதம் அரசுக்கு என்று விதி. ஒரு மார்க்கோர் உரிமம் லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போவதால் அந்த 80 சதவீதம் பெரிய தொகைதான். ஆனால் அதுவும் துறையின் வழியாகத்தான் வரும்.

சரி, ரசீதைப் பிரிப்போம்.

வாடிக்கையாளர் கட்டுவதில் இரண்டு பெரிய தலைப்புகள். ஒன்று நாள் வாடகை: வழிகாட்டி, தடம் பார்ப்பவர், வண்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று டிராபி கட்டணம்: சுட்ட விலங்குக்கு உருப்படி விலை. டிராபி என்பது வேட்டைக்காரர் நினைவாக எடுத்துப்போகும் கொம்பு, தோல் போன்றவை. இவற்றுக்கு மேல் தோலையும் மண்டையோட்டையும் பதப்படுத்திப் பெட்டி கட்டும் செலவு, கப்பல் அல்லது விமானக் கூலி, 15 சதவீத வாட் வரி, ஊர் திரும்பியபின் பாடம் செய்யும் செலவு. ஊருக்கு இதில் நேரடியாகச் சேர்வது ஒன்றே ஒன்று: குத்தகை ஒப்பந்தத்தில் விலங்குவாரியாக எழுதப்பட்ட விலை. அது வாடிக்கையாளர் கட்டும் டிராபி கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இடைவெளி நிறுவனத்தின் லாபம்.

கணக்கு விளங்குவதற்காக உருண்டையாக எண்களை வைத்துக்கொள்வோம். நாளுக்கு 400 டாலர், பத்து நாள், ஆக 4,000. இரண்டு மான்களுக்கு டிராபி கட்டணம் 3,000. மொத்தம் 7,000. ஒப்பந்தத்தில் அந்த இரண்டு மானுக்கும் 1,500 என்று எழுதியிருந்தால் ஊர்க் கணக்கில் ஏறுவது 1,500தான். வாடிக்கையாளரைப் பிடித்துக்கொடுத்த வெளிநாட்டு ஏஜென்ட்டின் கமிஷனும் ஊரைத் தொடாத பக்கத்தில்தான் இருக்கிறது. 'எங்கள் வேட்டையில் 7,000 டாலர் ஆப்பிரிக்கக் கிராமத்துக்குப் போகிறது' என்று யாராவது சொன்னால் இந்த 1,500ஐக் கேளுங்கள்.

ஆகவே ஊருக்கு முக்கியம் விலைப்பட்டியல் இல்லை, ஒப்பந்தத்தின் வடிவம். அதில் கவனிக்க வேண்டிய முதல் வரி, உறுதி ஒதுக்கீடும் விருப்ப ஒதுக்கீடும். ஒதுக்கீடு என்பது எந்த விலங்கில் எத்தனையைச் சுடலாம் என்ற அளவு. உறுதி ஒதுக்கீட்டில் உள்ள விலங்கைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் குத்தகைதாரர் பணம் கட்டியாக வேண்டும். விருப்ப ஒதுக்கீட்டில் சுட்டால்தான் பணம். அனுபவமில்லாத குழுக்கள் விலங்கு ஒன்றுக்கு நல்ல விலை வந்ததைப் பார்த்து மயங்கி, எல்லாவற்றையும் விருப்பப் பக்கம் போட்டுக் கையெழுத்திடும். பிறகு அந்த ஆண்டு வாடிக்கையாளர் குறைந்தால், காவலர் சம்பளத்துக்கே பணம் இருக்காது. 2020இல் கொரோனாவால் எல்லை மூடியபோது உறுதித் தொகை எழுதிவைத்த ஊர்களும் கஷ்டப்பட்டன. ஆனால் அவர்களுக்குப் பேச ஒரு காகிதமாவது இருந்தது. விலங்குக்கு விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆண்டுச் செலவின் அளவுக்காவது உறுதி ஒதுக்கீடு இருப்பதே நல்ல ஒப்பந்தம்.

இரண்டாவது, காயம்பட்ட விலங்கு. சுட்டுக் காயம்பட்டு ஓடி மறைந்தாலும் சுட்டதாகவே கணக்கு. வாடிக்கையாளரிடம் நிறுவனம் அதற்குப் பணம் வாங்கிவிடும். ஊருக்கும் அதே விதி ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒதுக்கீட்டிலும் ஒன்று கழிய வேண்டும். இல்லையென்றால் பணமும் போய், கறியும் போய், இன்னொரு விலங்கும் போகும். இதனாலேயே துப்பாக்கியின் குறைந்தபட்சத் திறன் விதியை ஊரார் அலட்சியம் செய்யக் கூடாது. ஸ்பிரிங்பாக் என்ற சிறு மானுக்கு 1,350 ஜூல், குடு, ஓரிக்ஸ், எலண்ட் போன்ற பெரிய மான்களுக்கு 2,700, யானைக்கும் எருமைக்கும் 5,400. கைத்துப்பாக்கிக்கும் தானியங்கித் துப்பாக்கிக்கும் இடமில்லை. ஒரு வழிகாட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளருக்கு மேல் கூடாது; ஒருவர் ஓராண்டில் ஓர் இனத்தில் இரண்டு டிராபிக்கு மேல் எடுக்க முடியாது. பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. இந்த விதிகள் நடைமுறையில் பெரும்பாலும் மதிக்கப்படுகின்றன. வேட்டை வண்டியில் கன்சர்வன்சியின் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நன்றாக மதிக்கப்படுகின்றன.

மூன்றாவது, நாணயம். வாடிக்கையாளர் டாலரிலோ யூரோவிலோ கட்டுகிறார். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்க ராண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை உள்ளூர் நாணயத்தில் எழுதிவிட்டால், ராண்ட் விழும்போது நிறுவனத்தின் வரவு கூடும், ஊரின் வரவு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு வரியில் திருத்தக்கூடிய தவறு.

இனி ஒதுக்கீடு எப்படி வருகிறது என்பது. இந்தச் சேவையின் மிகச் சிறந்த பாகமும் இதுதான், மிகப் பலவீனமான பாகமும் இதுதான். எண்ணிக்கை எடுக்கும் முறை இடத்துக்கு இடம் வேறு. வடமேற்கின் வறண்ட குனேனே பக்கம் ஆண்டுக்கு ஒருமுறை குறித்த தடங்களில் வண்டியில் போய் எண்ணுகிறார்கள். வடகிழக்கின் ஜாம்பெசி வட்டாரத்தில் மரம் அடர்த்தி என்பதால் நடந்து எண்ணுகிறார்கள். நியாய் நியாயில் முழுநிலா இரவில் நீர்நிலை ஓரம் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். இதோடு நிகழ்வுப் புத்தகம் சேரும். காவலர் அன்றாடம் கண்டதையும், மாட்டை அடித்த சிங்கத்தையும், வயலை மிதித்த யானையையும், கள்ள வேட்டைத் தடத்தையும் மஞ்சள் புத்தகத்தில் எழுதுவார். மாதக் கணக்கு நீலத்துக்குப் போகும், பல ஆண்டுப் போக்கு சிவப்புக்கு. படிப்பு குறைந்தவரும் பெட்டியில் கோடு போட்டு நிரப்பலாம், சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தே போக்கு தெரிந்துகொள்ளலாம். அரசு அமைச்சகமும் கன்சர்வன்சியும் உட்கார்ந்து இவற்றை வைத்துத்தான் ஒதுக்கீட்டைப் பேசுகின்றன. யானை, சிறுத்தை போன்றவற்றுக்கு நாடு முழுவதற்குமான உச்சவரம்பும் உண்டு: அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு 90 யானைகளின் 180 தந்தங்கள், 250 சிறுத்தைகள்.

பலவீனம் மழை பொய்க்கும்போது தெரியும். வடமேற்கில் 2012க்குப் பிறகு தொடர்ந்த வறட்சியில் ஓரிக்ஸும் ஸ்பிரிங்பாக்கும் வரிக்குதிரையும் வெகுவாகக் குறைந்தன. ஒதுக்கீட்டை வெட்ட வேண்டியதாயிற்று. ஒதுக்கீடு குறைந்தால் குத்தகைப் பணம் குறையும், பணம் குறைந்தால் காவலர் குறைவர், காவலர் குறைந்தால் எண்ணிக்கையே நம்பகம் இழக்கும். இந்தச் சுழலுக்கு வழி சேமிப்புதான். நல்ல ஆண்டில் மிச்சம் பிடித்து வைக்காத கன்சர்வன்சி கெட்ட ஆண்டில் அரசுசாரா அமைப்புகளின் கையை எதிர்பார்த்து நிற்கும்; பல அப்படி நின்றன.

பணத்தை விட்டுவிட்டுக் கறிக்கு வருவோம். வெளியே இருப்பவர்கள் இதை மிகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது கொம்பும் தோலும் தந்தமும், கறி ஊருக்கு. ஒரு குடு கிடாவில் நூறு கிலோவுக்கு மேல் கறி தேறும். ஓர் ஆண் யானையில் இரண்டு டன்னுக்கு மேல். உடனே வயிற்றைத் திறக்காவிட்டால் அந்த உடம்பின் உள்சூட்டிலேயே கறி கெட ஆரம்பித்துவிடும். ஆக யானை விழுந்த செய்தி ஊருக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது, வண்டி யாருடையது, கத்தியும் கோடரியும் தார்ப்பாயும் யார் கொண்டுவருவது, எந்தக் குக்கிராமத்துக்கு எந்த முறை என்ற பட்டியல் இருக்கிறதா என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பட்டியல் இல்லாத ஊரில் சாலையோரத்து வீடுகளே கூறு கூறாக அள்ளிப் போகும். உள்ளே இருக்கும் கிழவிக்கு எலும்பும் கிடைக்காது. கறியை எடுத்துவரும் செலவு குத்தகைதாரருடையது என்று எழுதாத ஒப்பந்தங்களில், தொலைவில் சுட்ட விலங்கு பாதி கழுகுக்குத்தான். மிச்சத்தைப் பட்டை பட்டையாக அரிந்து, உப்புத் தடவி நிழலில் உலர்த்திவிட்டால் வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோமாரி நோய்க்காகப் போடப்பட்ட கால்நடைத் தடுப்பு வேலியைத் தாண்டி வடக்கிலிருந்து பச்சைக் கறியோ பச்சைத் தோலோ அனுமதியில்லாமல் தெற்கே போக முடியாது. வடக்கத்தி மாட்டு விவசாயிகளின் வயிற்றில் அடிக்கும் அதே விதி, வேட்டைக் கறியை ஊரிலேயே தங்க வைக்கிறது. தோலும் மண்டையோடும் போக வேண்டுமென்றால் உப்பிட்டு உலர்த்தி, வேகவைத்துச் சுத்தம் செய்து, கால்நடைத் துறைக் காகிதத்தோடு போக வேண்டும். அந்த வேலையும் உள்ளூரில்தான் நடக்கிறது என்பதால் தோல் உரிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேருக்குக் கூலி உண்டு.

2016இல் வந்த ஓர் ஆய்வு 77 கன்சர்வன்சிகளின் 1998 முதல் 2013 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தது. கன்சர்வன்சி தொடங்கி வேட்டை வருமானம் வர சுமார் மூன்று ஆண்டு ஆகிறது, புகைப்படச் சுற்றுலாவுக்குச் சுமார் ஆறு ஆண்டு. வேட்டையின் பலன் பெரும்பாலும் கன்சர்வன்சி நிர்வாகத்துக்கான பணமாகவும், ஊராருக்குக் கறியாகவும் போகிறது. சுற்றுலாவின் பலன் லாட்ஜில் வேலை பார்ப்பவரின் சம்பளமாகப் போகிறது. வேட்டையை நிறுத்தினால் தன் செலவைத் தானே தாங்கக்கூடிய கன்சர்வன்சிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். சுற்றுலாவை நிறுத்தினால் அந்த அளவு அடி இல்லை. 'வேட்டைக்குப் பதில் கேமரா' என்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. லாட்ஜ் கட்ட நல்ல சாலையும் நதியோ மலையோ தெரியும் இடமும் முதலீட்டாளரும் வேண்டும். வேட்டை முகாமுக்குச் சில கூடாரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும். சுற்றுலாக்காரர் எட்டிப்பார்க்காத முள்காட்டுக்கு வேட்டை தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை.

ஆனால் வேலைவாய்ப்பு என்று பார்த்தால் வேட்டைக்குக் குறைந்த மதிப்பெண்தான். முகாமுக்குச் சமையல், தடம் பார்த்தல், தோல் உரித்தல், காவல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அதுவும் பருவத்துக்கு மட்டும். பெண்களுக்கான வேலை மிகக் குறைவு.

வீட்டுக்குப் போய்ச் சேரும் ரொக்கம் என்பதிலும் ஏமாற்றம் அதிகம். வந்த பணத்தில் முதல் செலவு காவலர் சம்பளம், அடுத்தது வண்டி, டீசல், அலுவலகம், குழுவின் படி. ஜாம்பெசியில் கூட்டா என்னும் மரபு அவைக்கும் ஒரு பங்கு போகிறது. மிஞ்சியதுதான் ஊர்த் திட்டங்களுக்கு. நியாய் நியாயில் வயதுவந்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சமமாக ரொக்கம் பிரித்துத் தரும் வழக்கம் இருக்கிறது. அதே இடத்தில் யானை உடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தொட்டிக்கும் காவல் சுவர் கட்டவும் பணம் வேண்டும். பல ஊர்களில் 'பணம் ஆபீஸோடு நின்றுவிட்டது' என்ற முணுமுணுப்பு நியாயமானதே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எந்த விலங்கு எவ்வளவுக்குப் போனது, எவ்வளவு வந்தது, வண்டிக்கு எவ்வளவு என்று உள்ளூர் மொழியில் வாசிக்கும் ஊருக்கும், 'தணிக்கை நடக்கிறது' என்று தள்ளிப்போடும் ஊருக்கும் இடையே, ஒப்பந்தம் ஒரே மாதிரி இருந்தாலும், பலன் ஒரே மாதிரி இருப்பதில்லை.

செலவுப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் மதிப்பீடு நேர்மையாக இருக்காது. யானை மிதித்த சோளக்காடும் சிங்கம் அடித்த மாடும் ஊரின் செலவு. அரசின் ஈட்டுத் திட்டம் தருவது சந்தை விலைக்கு எட்டாது. அதை நஷ்டஈடு என்று அதிகாரிகளே சொல்வதில்லை. ஊருக்குள் புகுந்து தொல்லை தரும் விலங்கை வேட்டைக்கு விற்கும் ஏற்பாடும் உண்டு. இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது: டிராபி ஒதுக்கீடு தீர்ந்த பிறகு 'தொல்லை விலங்கு' என்ற பெயரில் இன்னொன்று மலிவாகப் போய்விடலாம். நிகழ்வுப் புத்தகத்தில் அந்த விலங்கின் முந்தைய சேதப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்குத் தடுப்பு.

ஊர் கையில் இல்லாத அபாயம் வெளிநாட்டில் இருக்கிறது. 2015இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபின் அமெரிக்க விமான நிறுவனங்கள் சில பெரிய விலங்குகளின் டிராபிகளை ஏற்றுவதை நிறுத்தின. ஐரோப்பாவில் இறக்குமதித் தடைச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் பேசப்படுகின்றன. டிராபியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்றால் யானை வாடிக்கையாளர் வரமாட்டார். ஜாம்பெசி ஊர்களின் வேட்டை வரவில் பெரும்பகுதி யானையும் எருமையும்தான். பக்கத்து போட்ஸ்வானா 2014இல் வேட்டையைத் தடை செய்து 2019இல் திரும்ப அனுமதித்தது. இடையில் ஊர் அறக்கட்டளைகள் வரவையும் கறியையும் வேலையையும் ஒன்றாக இழந்தன.

இந்தச் சேவையை வாங்க நினைப்பவர் கேட்க வேண்டியவை சில. எந்தக் கன்சர்வன்சி, குத்தகை எந்த ஆண்டு வரை, சுடப்போகும் விலங்குக்கு ஊருக்குப் போகும் விலை என்ன, கறி யாருக்கு, யார் வண்டியில். பொது நிலத்தில் வழிகாட்டத் தகுதியானவர் தொழில்முறை வேட்டைக்காரர் என்ற உரிமம் உள்ளவர். பண்ணைக்கு மட்டும் உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டிக்கு அங்கே செல்லுபடி இல்லை. யானை, எருமை என்றால் பெரிய விலங்குக்கான தகுதியும் அதில் இருக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் 'எங்கள் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம்' என்று வந்தால் அந்த வேட்டை பண்ணை வேட்டையாகத்தான் இருக்கும்.

குத்தகை விடும் ஊருக்கு: நாட்டு எல்லைக்கு அருகே, யானை நடமாட்டம் உள்ள ஜாம்பெசி மாதிரி இடமென்றால் உறுதி ஒதுக்கீட்டில் யானையை வைத்துப் பேரம் பேசலாம், வாங்க ஆள் உண்டு. குனேனே மாதிரி வறண்ட இடமென்றால் மழை பொய்த்த ஆண்டில் ஒதுக்கீடு குறைந்தாலும் குறைந்தபட்சத் தொகை குறையாது என்ற வரியைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. டெண்டருக்கு ஒருவர் மட்டும் வந்திருந்தால் நீண்ட கால ஒப்பந்தம் வேண்டாம். ஒரு பருவத்துக்கு மட்டும் விட்டுப் பார்த்து மறு டெண்டர் போடலாம்.